ஆழமும் உயரமும்: முக்குளிப்பு விடுமுறையில் உடல்நலம் காப்போம்



ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? மேலே போய்ச் சேர்ந்ததும், இறுக ஒட்டிய பாக்கெட் பந்துபோல் உப்பியிருக்கும். வழியில் காது அடைத்து அடைத்துத் திறக்கும். மலைமேல் குடித்து மூடிவைத்த தண்ணீர்ப் போத்தல், கீழே இறங்கியதும் நசுங்கிக் கிடக்கும்.

பாக்கெட்டுக்குள் யாரும் புதிதாகக் காற்றை அடைக்கவில்லை. மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தது. அதனால் உள்ளே இருந்த காற்று விரிந்தது. இவ்வளவுதான் செய்தி. ஸ்கூபா முக்குளிப்பு விடுமுறைக்குப் போகிறவர்கள் உடல்நலம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்தப் பாடத்தைப் படித்த பிறகு நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:

• நீருக்கடியில் உடலில் என்ன நடக்கிறது
• யார் முக்குளிக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்
• முக்குளித்த பிறகு ஏன் உடனே மலைச்சாலையில் பயணம் செய்யக் கூடாது
• ஆபத்தின் அறிகுறிகள் எவை, அப்போது என்ன செய்ய வேண்டும்

1. இந்தப் பாடம் ஏன் பேராக் மக்களுக்கு?

நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில், கடல் என்றால் பலருக்கு அது பங்கோர் தீவுதான். மாசி மகத்துக்கு ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் படகில் போய், கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். இன்று தோட்டங்கள் பல குடியிருப்புகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்து, வேலைக்குச் சென்று, மிகைநேரப் பணத்தைச் சேர்த்து வைத்து, பெர்ஹெந்தியான், ரெடாங், சிப்பாடான் என்று கடலுக்கடியில் உலகம் பார்க்கப் போகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம் இது. பவளப் பாறையையும் கடலாமையையும் நேரில் பார்த்தவர் அதை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார்.

ஆனால், குடும்பத்தில் முதன்முதலாக முக்குளிப்பவருக்கு வீட்டில் அனுபவம் சொல்லித்தர ஆள் இல்லை. அதோடு பேராக் மாநிலத்தவருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கிழக்குக் கரைத் தீவுகளுக்கும் நமக்கும் நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. கிரிக் - ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை பேராக், கிளந்தான் எல்லை அருகே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை வழியாகக் குவா மூசாங் செல்லும் சாலை அதைவிட உயரமானது. தானா ராத்தா நகரமே சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலில் இறங்கிய அதே நாளில் மலை ஏறி வீடு திரும்புவது நம்மில் பலருக்கு இயல்பான பயணத் திட்டம். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

2. நீருக்கடியில் உடலுக்கு என்ன நேர்கிறது?

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பங்கு கூடுகிறது. 10 மீட்டரில் 2 பங்கு, 20 மீட்டரில் 3 பங்கு, 30 மீட்டரில் 4 பங்கு. இதனால் மூன்று இடங்களில் கவனம் தேவை.

காது: இறங்கும்போது காதுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். செவிப்பறை உள்நோக்கி இழுபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் அழுத்தம் சமமாகும். இதை வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்துவிட்டால் சற்று மேலே வந்து மீண்டும் முயலுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்காதீர்கள், செவிப்பறை கிழியலாம். சளி பிடித்திருந்தால் அன்று முக்குளிக்க வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் தவறு. மருந்தின் வேகம் நீருக்கடியில் தீர்ந்துபோனால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும்.

நுரையீரல்: தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு திரும்பினார்கள். ஸ்கூபாவில் கதை வேறு. ஆழத்தில், அழுத்தம் ஏற்றிய காற்றைத் தோம்பிலிருந்து சுவாசிக்கிறீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்சிழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். கச்சாங் பூத்தே பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் கிழிந்து, காற்று இரத்தக் குழாய்க்குள் புகுந்து மூளையை அடைந்தால் உயிர் போகலாம். நீச்சல் குளத்து ஆழத்தில்கூட இது நேரலாம். ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி: ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்.

இரத்தமும் தசையும்: நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். தரையில் அது நமக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, நைட்ரஜன் கூடுதலாக இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதன் அளவு கூடும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால், திடீரென்று திறந்த சோடாப் போத்தல்போல் உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். இதுவே அழுத்தக் குறைவு நோய். முக்குளிப்போர் இதைப் 'பெண்ட்ஸ்' என்பார்கள்.

இந்த உண்மையை 1878இல் பிரான்சு நாட்டு அறிஞர் பால் பெர்ட் விளக்கினார். ஆழத்திலிருந்து கட்டம் கட்டமாக மேலே வருவதற்கான அட்டவணைகளை, ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908இல் பிரிட்டனில் ஹால்டேன் குழுவினர் வெளியிட்டனர். இன்று முக்குளிப்போர் கையில் கட்டும் சிறு கணினி அந்தக் கணக்கின் வளர்ச்சியே. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுங்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வாருங்கள்.

3. போகும் முன்: உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

முக்குளிப்பு மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு, இல்லாவிட்டால் இறங்க விடமாட்டார்கள்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தப் படிவம் உங்கள் உயிரைக் காக்கும் தாள். கீழ்க்கண்டவை உள்ளவர்கள் விடுமுறைக்குப் பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

• ஆஸ்துமா அல்லது வேறு நுரையீரல் நோய்
• இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுவலி
• நீரிழிவு, குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள்
• வலிப்பு, அடிக்கடி மயக்கம்
• காது அறுவை சிகிச்சை, செவிப்பறையில் துளை

கருவுற்ற தாய்மார்கள் ஸ்கூபா முக்குளிப்பை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

நீரிழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தாரைவிட அதிகம். தமக்கு அது இருப்பதை அறியாமலே பலர் நடமாடுகிறார்கள். நீருக்கடியில் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினால் யாரையும் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. முக்குளிப்பில் நேரும் இறப்புகளுக்கு இதயக் கோளாறும் முக்கிய காரணங்களில் ஒன்று. உங்களுக்கு 40 வயது கடந்திருந்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நீச்சல் தெரியுமா என்பதும் முக்கியம். முறையான பயிற்சியில் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். நீச்சல் குளம் பார்க்காமல் வளர்ந்தவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

4. தங்குவிடுதியில்: இன்பத்தோடு இருக்க

கடற்கரை விடுதியில் இரண்டு மூன்று நாள்தான் தங்கப் போகிறோம், கொடுத்த காசுக்கு முழுதும் அனுபவித்துவிட வேண்டும் என்று தோன்றும். அந்த அவசரமே பல தொல்லைகளுக்குக் காரணம்.

• பயிற்சியில் உங்களுக்கு அனுமதித்த ஆழத்தைத் தாண்டாதீர்கள். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்குப் பொதுவாக 18 மீட்டர். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநருடன் இறங்குபவருக்கு 12 மீட்டர்.
• இணையர் இல்லாமல் இறங்காதீர்கள்.
• தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெயிலும், படகில் வரும் வாந்தியும் உடலின் நீரைக் குறைக்கும். நீர் குறைந்த உடலில் குமிழித் தொல்லை கூடும்.
• முதல் நாள் இரவு மது அருந்திவிட்டு மறுநாள் காலை முக்குளிக்காதீர்கள்.
• முக்குளித்த உடனே கடும் உடற்பயிற்சி வேண்டாம். அழுத்திப் பிடிக்கும் உடம்புப்பிடியும் வேண்டாம். பின்னர் வலி வந்தால் அது எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.
• பயமாக இருந்தாலோ களைப்பாக இருந்தாலோ "இன்று நான் வரவில்லை" என்று சொல்லுங்கள். அதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

5. வீடு திரும்பும் நாள்: இந்தப் பாடத்தின் மையம்

கடைசி முக்குளிப்பு முடிந்து கரையேறிய பிறகும், உடலில் கூடுதல் நைட்ரஜன் பல மணி நேரம் தங்கியிருக்கும். கடல் மட்டத்தில் இருக்கும் வரை அது அமைதியாக வெளியேறும். அந்த நேரத்தில் நீங்கள் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் மேலும் குறையும். 1,000 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 11 விழுக்காடு குறைவு. தானா ராத்தா உயரத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு குறைவு. பாக்கெட் உப்புவதுபோல் உடலில் குமிழிகள் பெருக்கலாம்.

விமானத்தில் ஏறும் முன் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பலருக்குத் தெரியும். பன்னாட்டு முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டான் வகுத்த குறைந்தபட்ச நேரம் இது:

• ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம்
• ஒரே நாளில் பல முறை, அல்லது பல நாள் தொடர்ந்து முக்குளித்தால் 18 மணி நேரம்
• கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட ஆழ்ந்த முக்குளிப்பு என்றால் 18 மணி நேரத்துக்கும் மிக அதிகமாக. 24 மணி நேரம் காத்திருப்பது நல்லது

இந்த விதி விமானத்துக்கு மட்டும் என்று நினைப்பதுதான் தவறு. ஏறக்குறைய 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குரிய அழுத்தத்தைக் கருதி வகுக்கப்பட்டது இது. காரில் ஏறிப் போனாலும், பேருந்தில் தூங்கிக்கொண்டே போனாலும் உடலுக்கு உயரம் உயரம்தான். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் உச்சியும் கேமரன் மலையும் இந்த அளவுக்குள்தான் வருகின்றன. கையில் கட்டும் கணினி 'பறக்காதே' என்று காட்டும் வரை மலையும் ஏறாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த நால்வர் வெள்ளிக்கிழமை இரவு காரில் புறப்பட்டுக் கோல பெசுட் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மலையைக் கடப்பதில் தவறில்லை; முக்குளிப்பு அதன் பிறகுதான். சனிக்கிழமை பெர்ஹெந்தியானில் மூன்று முறை முக்குளிக்கிறார்கள். ஞாயிறு காலை இன்னும் இரண்டு முறை இறங்கி, 10 மணிக்குக் கரையேறுகிறார்கள். நண்பகல் படகு. 1 மணிக்குக் கார் கிளம்புகிறது. திங்கள் காலை எல்லாருக்கும் வேலை. பிற்பகல் 4 மணிக்குள் மலையுச்சியில் இருப்பார்கள். கடைசி முக்குளிப்பு முடிந்து 6 மணி நேரம்தான் ஆகியிருக்கும். தேவையோ 18 மணி நேரம். அதாவது திங்கள் விடியற்காலை 4 மணிக்கு முன் அவர்கள் மலை ஏறக் கூடாது.

என்ன செய்யலாம்? வழி எளிது. கடைசி முக்குளிப்பைச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலை நீர்மேல் மிதந்து மீன் பார்க்கலாம், மணலில் நடக்கலாம், படகில் சுற்றலாம். ஞாயிறு காலை 10 மணிக்கே 18 மணி நேரம் முடிந்துவிடும். 1 மணிக்குக் கிளம்பினால் தாராளமான இடைவெளி இருக்கும். ஞாயிறும் முக்குளித்தே ஆக வேண்டும் என்றால், திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, ஓர் இரவு கோல பெசுட்டிலோ கோத்தா பாருவிலோ தங்கிவிட்டு வாருங்கள். இதை விடுதிக்குப் பணம் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். படகிலிருந்து இறங்கிய பிறகு யோசித்தால், வேலையும் பயணச்சீட்டும் உங்களை அவசரப்படுத்திவிடும்.

பங்கோர், செம்பிலான் தீவுகள் பக்கம் முக்குளித்துவிட்டு லுமுட் வழியாக ஈப்போ திரும்புபவர்களுக்கு வழியில் மலை இல்லை. ஆனால், "நாளைக் காலை அப்படியே கேமரன் போய்விட்டு வரலாம்" என்று கிளம்பும் முன் மணியைக் கணக்கிடுங்கள். சிப்பாடான் சென்றவர்கள் தாவாவிலிருந்து விமானம் ஏறும் முன் இதே கணக்கைப் பாருங்கள்.

6. ஆபத்தின் அறிகுறிகள்

அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலும், ஏறக்குறைய எல்லாருக்கும் 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிந்துவிடும். உயரத்துக்குப் போனால் அதன் பிறகும் தோன்றலாம்.

• தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழ்ந்த வலி
• மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, கை கால் தளர்ச்சி
• தலைசுற்றல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், நடை தடுமாற்றம்
• தோலில் அரிப்பு, நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டான நிறம்
• வழக்கத்துக்கு மாறான களைப்பு
• சிறுநீர் கழிக்க முடியாமை
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

நம் வீடுகளில் தோளிலோ முழங்காலிலோ வலி என்றால் "வாயுப்பிடிப்பு" என்று சொல்லிக் கோடாலித் தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். முக்குளித்து வந்தவருக்கு இது உண்மையிலேயே வாயுதான். ஆனால் தைலத்தால் போகிற வாயு அல்ல. காலையில் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்புகளுக்கு நிலையான பாதிப்பை உண்டாக்கலாம். முக்குளித்த 24 மணி நேரத்துக்குள் வரும் எந்தப் புதிய வலியையும் மரப்பையும், வேறு காரணம் உறுதியாகும் வரை, முக்குளிப்பால் வந்ததாகவே கருதுங்கள்.

7. அப்போது என்ன செய்ய வேண்டும்?

அ) நோயாளியைச் சமமாகப் படுக்க வையுங்கள். நடக்கவோ கார் ஓட்டவோ விடாதீர்கள்.
ஆ) தீவில் இருந்தால், முக்குளிப்பு மையத்தில் உள்ள ஆக்சிஜனை முகமூடி வழியாக முழு அளவில் கொடுக்கச் சொல்லுங்கள். மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே "ஆக்சிஜன் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.
இ) 999 எண்ணை அழையுங்கள்.
ஈ) நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் தண்ணீர் கொடுங்கள். மது கொடுக்காதீர்கள்.
உ) "திரும்ப நீருக்குள் இறங்கினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.
ஊ) மேலும் உயரத்துக்குப் போகாதீர்கள். மலைச்சாலையில் இருக்கும்போது அறிகுறி தோன்றினால் அருகிலுள்ள பக்கமாகக் கீழே இறங்கி, ஜெலி அல்லது கிரிக் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்தச் சாலையில் சில இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.
எ) அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகவே "சாயா பாரு பாலேக் மெஞெலாம்" என்று சொல்லுங்கள். எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். கணினியையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த நோய்க்கு முறையான சிகிச்சை உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் சுவாசிப்பது. 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஏறக்குறைய 5 மணி நேரம் சிகிச்சை நடக்கும். பேராக் மாநிலத்திலேயே, லுமுட் இராணுவ மருத்துவமனையில் அத்தகைய அறை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அறிகுறி தெரிந்தால், நீங்களாக லுமுட்டுக்குக் கிளம்பாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவர்கள் உங்களை நிலைப்படுத்தி, அங்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்கள்.

8. உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: முக்குளித்துவிட்டு மேலே வரும்போது மூச்சை அடக்கலாமா?
பதில்: கூடாது. தொடர்ந்து இயல்பாக மூச்சு விட வேண்டும்.

கேள்வி: இரண்டு நாள் முக்குளித்தேன். விமானம் இல்லை, காரில்தான் கேமரன் வழியாகத் திரும்புகிறேன். காத்திருக்க வேண்டுமா?
பதில்: ஆம். குறைந்தது 18 மணி நேரம்.

கேள்வி: கடைசி நாள் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீர்மேல் மிதந்தேன். அதற்கும் இந்த விதி உண்டா?
பதில்: இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் ஸ்கூபா செய்திருந்தால், அந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்.

கேள்வி: வீடு வந்த இரவு தோள் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுத் தூங்கலாமா?
பதில்: கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

மெதுவாக இறங்குங்கள். மெதுவாக ஏறுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கடலுக்கும் மலைக்கும் நடுவே ஓர் இரவு இடைவெளி விடுங்கள். விடுமுறையில் ஒரு முக்குளிப்பு குறைந்தால் பெரிய இழப்பில்லை. அடுத்த ஆண்டும் பவளப்பாறை அங்கேயே இருக்கும். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த ஏட்டைப் படித்த பின் உங்களோடு பயணம் செய்யவிருக்கும் நண்பரிடமும், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் பெரியவரிடமும் கொடுங்கள்.